ஒரு மூட்டைக் காசு: கோழிக்கு எது, மாட்டுக்கு எது?

போன மாரி முடிந்தபோது என் கையில் இருந்தது ஒரே ஒரு மூட்டைத் தீனுக்கான காசு. கூட்டில் நாற்பது முட்டைக் கோழிகள். பட்டியில் அண்மையில் கன்று போட்ட ஜேர்சிக் கலப்புப் பசு ஒன்று, நாட்டு மாடு இரண்டு. வாழைச்சேனையில் இருக்கும் மச்சான், "கருவாட்டுத் தூள் மலிவாக் கிடக்கு, ரெண்டு மூட்டை ஏத்தி விடவா?" என்று போனில் கேட்டார். மாமி, "எங்கட காலத்தில தேங்காய்ப் புண்ணாக்கிலதான் கோழியும் மாடும் வளர்ந்தது. மறுகா என்ன புதுசா?" என்றார். பக்கத்து வளவுத் தம்பிக்குச் சோயாவைத் தவிர வேறெதுவும் தீனே இல்லை. இதற்கிடையில் வேலி முழுக்கச் சீமைக்கிளுவை தளதளவென்று நின்றது. அதற்குக் காசே வேண்டாம்.

நால்வகைத் தீனுக்கும் சொல்ல ஒரு நியாயம் இருந்தது. எந்த வயிற்றுக்கு என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதலில் மூட்டையில் ஒட்டியிருக்கும் 'புரதம் இத்தனை சதவீதம்' என்ற எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகூடத்தில் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைதரசன் என்பதால் இந்தக் கணக்கு. வயலுக்குப் போடும் யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். இதே கணக்கில் பார்த்தால் யூரியா மூட்டையில் '287 சதவீதம் புரதம்' என்று எழுதலாம்! 2008இல் சீனாவில் பாலில் நைதரசன் மிகுந்த மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்து பிடிபட்ட கதைக்கும் இந்த ஓட்டைதான் வழி. இறால் தலையை அரைத்து விற்கும் தூளிலும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. ஓட்டில் இருக்கும் கைட்டினிலும் நைதரசன் இருப்பதால் அதுவும் புரதக் கணக்கில் ஏறிவிடும். கோழிக்கு அதில் கிடைப்பது மிகக் குறைவு. ஆகவே அந்த எண்ணை வைத்து மட்டும் மூட்டைக்கு மூட்டை ஒப்பிட்டால் ஏமாந்து போவோம்.

கோழியின் கதைக்கு வருவோம். மருதமுனையில் கைத்தறியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கரைக்குச் சிவப்பு நூல் வேண்டிய இடத்தில் சிவப்பு தீர்ந்துவிட்டால், பச்சை நூல் பத்துக் கண்டு கிடந்தாலும் தறி நின்றுவிடும். கோழியின் உடம்பும் அப்படித்தான். முட்டை வெள்ளைக்கும் இறகுக்கும் இறைச்சிக்கும், புரதம் என்ற துணியின் நூல்களான அமினோ அமிலங்கள் இன்னின்னது இன்னின்ன அளவு வேண்டும். அவற்றில் பலவற்றைக் கோழியால் தானாக உண்டாக்க முடியாது. நம் தானியத் தீனில் முதலில் தட்டுப்படுகிற சிவப்பு நூல்கள் இரண்டு: லைசின், மெத்தியோனின். மிஞ்சிய பச்சை நூலைச் சேர்த்து வைக்கவும் உடம்பில் பெட்டி இல்லை. ஈரல் அதை உடைத்து, மாச்சத்தாகவோ கொழுப்பாகவோ மாற்றிவிட்டு, நைதரசனை வெளியே தள்ளும்.

முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் கிராம் லைசினும் அதில் பாதியளவு மெத்தியோனினும் தேவை. இப்போது நம் மூட்டைகளைத் திறந்து பார்க்கலாம். சுமாரான கணக்கு இது. நல்ல மீன் தூள் ஒரு கிலோவில் 45 கிராம் லைசின், 16 கிராம் மெத்தியோனின். சோயாப் புண்ணாக்கில் 28உம் 6உம். எள்ளுப் புண்ணாக்கில் 10உம் 11உம். தேங்காய்ப் புண்ணாக்கில் ஐந்து ஐந்தரையும் மூன்றும். அதாவது லைசினுக்காக மட்டும் பார்த்தால் ஒரு கிலோ மீன் தூளுக்கு எட்டுக் கிலோ தேங்காய்ப் புண்ணாக்கு ஈடு. எட்டுக் கிலோ புண்ணாக்கை நார்ச்சத்தோடு தின்று முடிக்கக் கோழிக்கு வயிறும் இல்லை, நேரமும் இல்லை. மாமியின் காலத்துக் கோழிகள் அதில் வாழ்ந்தது உண்மைதான். ஆனால் அவை பகல் முழுக்க வளவைக் கிளறிப் புழு, பூச்சி, கறையான் என்று தாமே தேடிக்கொண்டன. வருடத்துக்கு அறுபது எழுபது முட்டை இட்டுவிட்டு அடைக்கும் படுத்தன. கூட்டில் அடைத்து வைத்து இருநூற்றைம்பது முட்டை கேட்கிற கோழிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. (கறையான் என்றதும் நினைவு வருகிறது: பழைய பானைக்குள் வைக்கோலும் சாணியும் திணித்துப் புற்றருகே கவிழ்த்து வைத்து, காலையில் குஞ்சுகளுக்குத் தட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதை மிஞ்சிய குஞ்சுத் தீன் எதையும் நான் இன்னும் வாங்கவில்லை.)

வெறும் குருணலும் தவிடும் போட்டால் கோழி மெலியும் என்று நினைக்கிறோம். பல நேரம் நடப்பது எதிர்மாறு. லைசின் கொஞ்சமே குறைகிற தீனில் கோழி அந்தக் குறையை நிரப்ப இன்னும் அதிகமாகத் தின்னும். லைசினோடு வருகிற மாச்சத்து உடம்பில் கொழுப்பாகத் தங்கும். அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் மஞ்சள் கொழுப்புப் பாளமாக இருக்கும், முட்டைப்பை சுருங்கிக் கிடக்கும். மெத்தியோனின் குறைந்தால் முட்டை சிறுக்கும், இறகு உருப்படாது, ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். பெயர் தெரியாமல் நாம் 'கொத்து நோய்' என்று சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

அப்படியென்றால் மச்சானின் கருவாட்டுத் தூள்தான் விடையா? எண்ணைப் பார்த்தால் ஆம். அனுபவத்தைக் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள் என்பேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மீன் வாடியில் கழிவுக் கருவாடு மலிவாகக் கிடைத்தது. வாங்கி இடித்துப் பத்துக்கு ஒன்று என்று கலந்து குஞ்சுகளுக்குப் போட்டேன். இரண்டாம் நாள் எச்சம் தண்ணீராகப் போனது. நாலாம் நாள் பதினொரு குஞ்சு செத்துக் கிடந்தன. நோய் என்று நினைத்து ஓடினேன். காரணம் உப்பு. உப்புப் போட்ட கருவாட்டில் 15 சதவீதம்வரை உப்பு இருக்கும். பத்தில் ஒரு பங்கு கலந்தால் தீனில் ஒன்றரை சதவீதம். கோழித் தீனில் இருக்கவேண்டியது அரைச் சதவீதத்துக்கும் குறைவு. தண்ணீர்ப் பாத்திரம் ஒரு பொழுது வெறுமையாக இருந்தாலும் போதும், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. விற்றவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மனிதர் தின்னும் கருவாட்டின் கழிவு அது, உப்பு இல்லாமல் எப்படி இருக்கும்? நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

உப்பில்லாமல் அவித்து, பிழிந்து, வெயிலில் காய்ந்த மீன் தூள் வேறு சாமான். அதிலும் இரண்டு கண்டிப்பு. சாளை, சூடை போன்ற எண்ணெய் மீன் என்றால் நாள்படக் கெட்டு மக்கல் வாடை வரும், முட்டையிலும் மீன் மணக்கும். சட்டியில் கருக வறுத்தாலும் கெடுதி. மிகச் சூடாக்கிய மீன் தூளில் கிசெரோசின் என்றொரு நஞ்சு உண்டாகும். அது இரைப்பையில் அமிலச் சுரப்பைக் கூட்டி, தீனை அரைக்கும் அரைவைப்பையைப் புண்ணாக்கி, கோழியைக் கறுப்பாக வாந்தியெடுக்க வைக்கும். ஆகவே மீன் தூள் நூற்றுக்கு ஐந்து பங்கு போதும். அந்த ஐந்து செய்கிற வேலை பெரிது.

சோயாவுக்கு இத்தனை வம்பு இல்லை. லைசின் நிறைய, மெத்தியோனின்தான் கொஞ்சம் குறைவு. கடையில் வரும் சோயாப் புண்ணாக்குச் சூடேற்றிப் பதப்படுத்தியது. ஆனால் சிலர் மலிவுக்காகப் பச்சைச் சோயா விதையை அரைத்துப் போடுகிறார்கள். அது வேண்டாம். பச்சைச் சோயாவில் உள்ள ஒரு பொருள் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினைக் கட்டிப்போடும். கணையம் இன்னும் இன்னும் சுரந்து வீங்கும். அந்தச் சுரப்பே மெத்தியோனினை விழுங்கும். அவித்தால் இந்தத் தொல்லை தீரும். சோயாவை அவித்துக் கொடுத்தால்தான் எலிகள் நன்றாக வளர்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்களான ஆஸ்போர்னும் மெண்டலும் 1917இலேயே காட்டிவிட்டார்கள். நூறு வருடம் கழித்தும் நமக்கு அவிக்கச் சோம்பல்.

எள்ளுப் புண்ணாக்கு சோயாவுக்கு நல்ல சோடி. ஒன்றில் குறைவது மற்றதில் உண்டு. ஆனால் எள்ளின் தோலில் உள்ள ஒக்சலேற்றும் பைற்றேற்றும் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாராளமாகப் போட்டால் முட்டை ஓடு மெலியும். கைப்பிடி அளவோடு நிறுத்தி, சிப்பித் தூளைக் குறைக்காமல் போடவேண்டும்.

சரி, நல்ல புரதம்தானே, கூடவே போட்டுவிட்டால் என்ன? இந்த யோசனைதான் எங்கள் ஊரில் கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் கோழியைக் கொல்கிறது. மிஞ்சிய நைதரசனை நாம் யூரியாவாக்கிச் சிறுநீரில் விடுகிறோம். கோழியால் அப்படிச் செய்ய முடியாது, அதற்கான வழி அதன் ஈரலில் இல்லை. அது யூரிக் அமிலமாக்கி விடுகிறது. எச்சத்தின் மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். யூரிக் அமிலம் செய்வது செலவான வேலை. ஒவ்வொரு துகளுக்கும் சக்தி போவது மட்டுமல்ல, கிளைசின் என்ற இன்னோர் அமினோ அமிலமும் போகும். அதாவது மிச்சப் புரதத்தை வெளியேற்றவே புரதம் செலவாகும். கூடவே உடம்புச் சூடும் ஏறும். மாச்சத்தையும் கொழுப்பையும்விடப் புரதத்தைச் செரித்து மாற்றும்போதுதான் சூடு அதிகம் உண்டாகிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அனலாக வீசும் காற்றில், தகரக் கூரையின்கீழ் இளைத்துக்கொண்டு நிற்கும் கோழிக்கு இந்த உட்சூடும் சேர்ந்தால் தீனைத் தொடாது. நிறையத் தண்ணீர் குடிக்கும், உமி விரிப்பு ஈரமாகும், அமோனியா மணம் கண்ணை எரிக்கும். தண்ணீரும் போதாவிட்டால் யூரிக் அமிலம் சிறுநீரகத்திலும் மூட்டிலும் சுண்ணாம்புபோல் படியும். வெயில் காலத்தில் புரதத்தைக் கூட்டக் கூடாது. லைசினும் மெத்தியோனினும் குறையாமல் பார்த்து, மொத்தத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். தரமான புரதத்தின் உண்மையான லாபம் இங்கேதான். குறைவாகப் போட்டே வேலையை முடிக்கலாம்.

மாட்டிடம் வந்தால் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் தலைகீழ்.

பெரிய மாட்டின் முதல் வயிறு நூறு லீற்றருக்கு மேல் கொள்ளும் ஒரு தாழி. தயிர்ச் சட்டியைப்போல் அங்கேயும் நுண்ணுயிர்கள்தான் எசமான்கள். நாம் போடும் புரதத்தில் பெரும்பகுதியை அவை அமோனியாவரை உடைத்து, அதிலிருந்து தங்கள் உடம்பைக் கட்டுகின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்கள் வழிந்து அடுத்த அறைகளுக்குப் போகும்போது மாடு அவற்றையே செரித்துக்கொள்கிறது. நுண்ணுயிரின் புரதத்தில் லைசின் தாராளம். ஆகவே கோழிக்கு ஆகாத தேங்காய்ப் புண்ணாக்கு மாட்டின் வயிற்றில் போய் நல்ல புரதமாகிவிடும். சீமைக்கிளுவை இலையும் அப்படியே. யூரியாவையே புரதமாக்கும் தாழி அது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அமோனியா உண்டாகும் அதே வேளையில் நுண்ணுயிருக்கு மாச்சத்தும் கிடைக்கவேண்டும். சீமைக்கிளுவை இலையின் புரதம், காய்ந்த கணக்கில் 20 முதல் 25 சதவீதம். அது வயிற்றில் விரைவாக உடையும். வைக்கோலோ மெல்லச் செரிக்கும். இரண்டையும் மட்டும் போட்டால் அமோனியா கட்டுப்படாமல் இரத்தத்தில் ஏறி, ஈரல் அதை யூரியாவாக்கி, ஒரு பங்கு உமிழ்நீர் வழியே திரும்பினாலும் மிச்சம் சிறுநீரிலும் பாலிலும் போய்விடும். உங்கள் வேலி இலை மண்ணுக்கு உரமாகும், பாலாகாது. கூடவே இரண்டு கிலோ தவிடோ குருணற் கஞ்சியோ போனால் கதை மாறும். இலையை வெட்டியவுடன் போடாமல் சில மணிநேரம் வாட விட்டால் மணம் குறைந்து மாடு முரண்டாமல் தின்னும். கோழிக்கு மட்டும் இதைக் காட்டவே கூடாது. இந்த மரத்தின் இலத்தீன் பெயரான கிளிரிசிடியாவின் பொருளே 'எலிக்கொல்லி'. தாழி வயிறு இல்லாத பிராணிகளுக்கு அது நஞ்சு.

தேங்காய்ப் புண்ணாக்குக்கு மாட்டில் இன்னொரு பெருமை. செக்கில் சூடு கண்ட புரதம் ஆதலால் அதில் ஒரு பங்கு நுண்ணுயிரிடம் சிக்காமல் நேரே குடலுக்குப் போகும். மிச்ச எண்ணெய் பாலின் கொழுப்பைக் கூட்டும். தயிர்ச் சட்டி நிரப்புகிற எங்கள் பட்டிக்காரர்கள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே அறிவார்கள். ஒரு லீற்றர் பாலுக்கு, உடம்பைக் காக்கும் தேவைக்கு மேலாக, ஏறக்குறைய 85 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு கிலோ தேங்காய்ப் புண்ணாக்கில் இருப்பது 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு, இரண்டரை லீற்றருக்குப் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். மாரியில் மட்டும் மோந்து பார்த்து வாங்குங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கில் இருக்கும் அஃபிளடொக்சின் என்ற நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். மாட்டில் உருமாறிப் பாலிலும் வரும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்தான்.

மாசிப் பங்குனியில் வெட்டு முடிந்தால் வயல் முழுக்க வைக்கோல். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, இரண்டு மூன்று கிழமை விட்டால் நாலு சதவீதமாக இருந்த புரதம் ஏழெட்டாகும், நாரும் இளகும். 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது இந்த வழியும் சேர்ந்து அடைபட்டது. கரைத்த யூரியா வாளியை மட்டும் மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். ஒரே மூச்சில் குடித்தால் மிருக வைத்தியர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும். கன்றுகளுக்கும் இந்த வைக்கோல் வேண்டாம். அவற்றின் தாழி இன்னும் தயாராகவில்லை.

இப்பில் இப்பில் (சூபாபுல்) இலையைப் பற்றியும் கேட்பார்கள். புரதம் நல்லது, ஆனால் அதிலுள்ள மிமோசின் மயிரை உதிர்க்கும், அது உடைந்து வரும் பொருள் தைரொயிட்டைத் தாக்கும். ஹவாய்த் தீவு ஆடுகளின் வயிற்றில் இதை முறிக்கும் பக்டீரியா இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கண்டுபிடித்து ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொண்டுபோனார். அந்தப் பக்டீரியாவுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். நம் மாட்டுக்கு, தின்பதில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்தினால் பயமில்லை.

மீன் தூளைப் பசுவுக்குப் போடலாமா? இருபது லீற்றர் கறக்கும் பசுவென்றால் பயன் தெரியும், ஏனென்றால் மீன் புரதம் நுண்ணுயிருக்கு எளிதில் மசியாமல் குடல்வரை போகும். ஐந்தாறு லீற்றர் பசுவுக்கு நுண்ணுயிர்ப் புரதமே போதும், காசு வீண். இறைச்சி எலும்புத் தூளை நினைத்தும் பார்க்க வேண்டாம். 1986இல் பிரித்தானியாவில் இனங்கண்ட மாட்டுப் பைத்தியம் அந்தத் தீன் வழியாகத்தான் பரவியது.

கடைசியில் நான் செய்தது இது. காசு கோழிக்கு, உழைப்பு மாட்டுக்கு. கோழியால் லைசினை உண்டாக்க முடியாது, வாங்கித்தான் ஆகவேண்டும். மாட்டின் தாழிக்கு நான் கத்தி எடுத்து வேலியில் ஏறினால் போதும். ஐம்பது கிலோ சோயா மூட்டை ஒன்று வாங்கினேன். நூறு கிலோத் தீனுக்குக் குருணலும் சோளமும் 54, தவிடு 14, சோயா 16, மீன் தூள் 5, எள்ளுப் புண்ணாக்கு 3, சிப்பித் தூள் 8, அதோடு கொஞ்சம் விற்றமின் கலவை. மொத்தப் புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும். நாற்பது கோழியும் நாளுக்கு நாலரைக் கிலோ தின்றால் அந்த ஒரு மூட்டை எழுபது நாள் இழுக்கும். மச்சானிடம் இரண்டு மூட்டை வேண்டாம், பதினைந்து கிலோ போதும், உப்புப் படாமல் அவித்துக் காயவைத்ததாக இருக்கவேண்டும் என்றேன். முட்டைக் காசு வந்தபிறகு கறவைப் பசுவுக்கு மட்டும் நாளுக்கு ஒரு கிலோ தேங்காய்ப் புண்ணாக்கு. மற்ற இரண்டுக்கும் இலையும் தவிடும் வைக்கோலும்.

சோயாதான் என்று அடித்துச் சொன்ன பக்கத்து வளவுத் தம்பி தன் பசுவுக்கும் சோயாவையே போடுகிறான். பால் நன்றாகத்தான் வருகிறது, செலவைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறான். மாமி இன்றைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கோழித் தொட்டிக்குள் ஒரு பிடி தேங்காய்ப் புண்ணாக்குப் போடுகிறார். காணாததுபோல் இருந்துவிடுகிறேன். நாற்பது கோழிக்கு ஒரு பிடி, ஒன்றும் கெட்டுப்போகாது.